நீச்சலடித்தால் சிநேகிதம் வருமா?

நீச்சலைப் பற்றி நம் ராமநாதபுரம் மாவட்டக் கரைப் பக்கம் இரண்டு பேச்சு உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துவராத பேச்சுகள்தான், ஆனாலும் ஒரே ஆள் இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் பேச்சு, நீச்சல் தனி ஆள் சமாச்சாரம் என்பது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது நீந்தித் தப்பியவர் என்று ராமேசுவரத்தில் இன்றும் பேசப்படும் நீச்சல் காளி, 1994-ல் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே பாக் நீரிணையைக் கடந்த குற்றாலீஸ்வரன் என்று நமக்குத் தெரிந்த நீச்சல் கதைகள் எல்லாமே ஒற்றை ஆளின் கதைகள். இரண்டாவது பேச்சு, "பிள்ளைய நீச்சல் கிளாஸ்ல சேத்து விடுங்க, கூச்சமெல்லாம் போயி நாலு பேரோட நல்லாப் பழகும்" என்பது. எப்படிப் பழகும், ஏன் பழகும் என்று கேட்டால் பதில் இருக்காது. தண்ணீரில் இறங்கிவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும் என்கிற தொனி.

நடக்காது. வருஷக்கணக்கில் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு, பக்கத்து வரிசையில் நீந்துகிறவர் பெயர்கூடத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஒரு கோடை விடுமுறையில் ஊரணியில் சேர்ந்து குதித்துவிட்டு ஐம்பது வயதிலும் "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் தண்ணீர் தண்ணீர்தான். அப்புறம் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைத்தான் அடியிலிருந்து பார்க்கப் போகிறோம். நீந்தத் தெரியாதவர்களும் படிக்கலாம், சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

## முதலில், சமூகப் பயன் என்றால் என்ன?

நீந்தினால் நெஞ்சுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, தூக்கம் வரும். இதெல்லாம் உங்கள் உடம்போடு இருக்கிற பயன், நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். சமூகப் பயன் அப்படி இல்லை. அது உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இருக்கிறது, உங்களுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்கிறபோது யார் முகம் மனசில் வருகிறது, எத்தனை முகம் வருகிறது என்பதுதான் அதன் அளவு. இப்படி ஓர் ஊரில் ஆட்களுக்கு இடையே இருக்கிற அறிமுகம், நம்பிக்கை, கைமாற்று உதவி எல்லாவற்றையும் சேர்த்துச் சமூகவியலில் 'சமூக மூலதனம்' என்கிறார்கள். பணம் மாதிரி வங்கியில் போட்டு வைக்க முடியாது, புழங்கிக்கொண்டே இருந்தால்தான் இருக்கும்.

இதெல்லாம் பொழுதுபோகாதவர்கள் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனமே 2025-ல் அறிக்கை வெளியிட்டது.

## கரைவலை இழுக்கிறவர்கள்

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையைத் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்று முனையையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். அந்தக் கூட்டத்தில் முந்தின நாள் சண்டை போட்டவர்கள் இருப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் மைத்துனர் இருப்பார்கள், காலையில்தான் வந்து சேர்ந்த கூலி ஆளும் இருப்பார். கயிற்றைப் பிடித்துவிட்டால் இது எதுவும் உதவாது. ஒரு பக்கம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். அதனால் பிடிக்காத ஆளின் கைவேகத்தையும் கவனித்துத்தான் ஆக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே யாரும் நட்பு வளர்க்க வரவில்லை. மீனுக்குத்தான் வந்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் கவனிக்காமல் அந்த வேலை நடக்காது, தினமும் கவனித்துக் கவனித்து ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கயிறுதான் அவர்களைக் கட்டுகிறது, கடல் கட்டவில்லை.

நீச்சலிலும் இப்படி ஒரு கயிறு உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கயிறு இருக்கிற நீச்சல் ஆட்களைச் சேர்க்கும், இல்லாத நீச்சல் வியர்வையை மட்டும் எடுக்கும் (தண்ணீரில் வியர்ப்பது தெரியாது, ஆனால் வியர்க்கும்).

## அந்தக் கயிறு: என் மூச்சு, உன் கண்

நடை, ஓட்டம், ஜிம் எதிலும் இல்லாத ஒன்று நீச்சலில் உண்டு. தண்ணீரில் மூச்சு உங்கள் இஷ்டத்துக்குக் கிடைக்காது. நடந்து போகும்போது களைத்தால் உட்கார்ந்துவிடலாம், ஆழத்தில் களைத்தால் உட்கார இடமில்லை. அதோடு, மூழ்குகிற ஆள் சினிமாவில் காட்டுவதுபோலக் கையை ஆட்டிக் கத்துவதும் அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற ஒரு நொடியில் மூச்சை இழுப்பதா, கத்துவதா? உடம்பு மூச்சைத்தான் தேர்ந்தெடுக்கும். அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல் சத்தமில்லாமல் மூழ்கிவிடுகிறார்கள்.

இதற்குத்தான் 'சோடி முறை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இருக்கிற நேரம் முழுக்க, தன் கூட்டாளி எங்கே இருக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிற ஏற்பாடு. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு மணி நேரம் இன்னொருவரின் தலையை விடாமல் கண்காணிப்பதையும், அவர் நம் தலையைக் கண்காணிப்பதையும் யோசித்துப் பாருங்கள். அன்றாட வாழ்க்கையில் கணவன் மனைவிகூட அப்படி ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவது இதற்கு நல்ல உதாரணம், அதுவும் நம் வாசலிலேயே இருக்கிற உதாரணம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கீறாமல் இருக்க விரல் விரலாகத் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்கிறார்கள், ஒரு கைக்குத் தானே சுற்றிவிடலாம், மறு கைக்கு முடிச்சுப் போடப் பல்லோ பக்கத்திலிருப்பவளோ வேண்டும். அப்புறம் கூட்டமாகத்தான் முங்குகிறார்கள். முங்கிய ஆள் மேலே வரும்வரை மற்றவர்களுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு தண்ணீரோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுக்கப் போவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்று பாசியைக் காப்பாற்ற அந்தப் பெண்களே பேசி முடிவு செய்து கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஒருத்தி ரகசியமாகக் கூட ரெண்டு நாள் போனாலும் உடைந்துவிடுகிற ஒப்பந்தம் அது. தண்ணீருக்கடியில் ஒருத்தி மூச்சை இன்னொருத்தி நம்பிப் பழகிய கூட்டத்துக்கு அது கைகூடியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கொரியாவின் ஜெஜு தீவிலும் இதே மாதிரிப் பெண்கள் இருக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர், சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிச் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள், 2016-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தவர்கள். அங்கே திறமைப்படி மூன்று நிலை வைத்திருக்கிறார்கள், மேல்நிலைப் பெண்தான் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சொல்வாள். இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் கல்லால் கட்டிய ஒரு வளையத்துக்குள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. ஊர் விவகாரம் முதல் தொழில் விவகாரம் வரை அங்கேதான் பேசி முடிவு செய்தார்கள்.

சரி, பாசி எடுக்கிற அளவுக்குப் போக வேண்டாம். சாதாரணமாக மிதக்கக் கற்றுக்கொள்ளும்போதே இது தொடங்கிவிடும். அரியமான் கடற்கரையில் ஒரு சாயங்காலம், இடுப்பளவு தண்ணீரில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை சுடிதாரோடு மல்லாக்க மிதக்கப் பழகிக்கொண்டிருந்தார். பழக்கியது அவரிடமே படித்த பெண், கடற்கரை ஊர்ப் பிள்ளை. ஒரு உள்ளங்கை டீச்சரின் பிடரிக்கு அடியில், மறு கையில் இரண்டே விரல் இடுப்புக்கு அடியில்.

"டீச்சர், கழுத்தை இறுக்காதீங்க. வானத்தைப் பாருங்க. நான் பிடிச்சிருக்கேன்ல."

"விட்றாதடி."

"விடல டீச்சர். விடுறப்ப சொல்லிட்டுத்தான் விடுவேன்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் முழு விஷயமும். மனித உடம்பு, நுரையீரலில் காற்று இருக்கும்வரை பெரும்பாலும் மிதக்கத்தான் செய்யும், அதிலும் கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம் என்பதால் இன்னும் சுலபம். மூழ்கடிப்பது பயம். பயத்தில் தலையைத் தூக்குகிறோம், தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும். ஆக, மிதக்கக் கற்றுக்கொள்வது என்றால் பாதிக்கு மேல் இன்னொருவர் கையை நம்பக் கற்றுக்கொள்வதுதான். அந்தப் பெண் சொன்னபடியே சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

நம்மில் பலருக்கு நீச்சல் வந்தது வேறு மாதிரி. கிணற்றுமேட்டில் நிற்கும்போது மாமாவோ சித்தப்பாவோ பின்னாலிருந்து தள்ளிவிட்டார், தண்ணீரைக் குடித்துத் தத்தளித்துக் கற்றுக்கொண்டோம், இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். நீச்சல் வந்தது, சரி. அந்த மாமாவின் பக்கத்தில் கிணற்றுமேட்டில் நிற்கும் தைரியம் வந்ததா? கை கால் அடிக்கக் கற்றுக்கொடுக்கிற முறையும் நம்பிக்கையைக் கற்றுக்கொடுக்கிற முறையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுக்கும் முறையில் முதலாவது மட்டும்தான் கிடைக்கும், சில பிள்ளைகளுக்கு அதுவும் கிடைக்காமல் ஆயுசுக்கும் தண்ணீர்ப் பயம்தான் மிஞ்சும்.

தனி ஆள் கதைகளையும் இப்போது திரும்பிப் பார்க்கலாம். 2022 மார்ச் 20 அன்று ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. செய்தியில் ஒற்றை ஆளின் சாதனை என்றுதான் வந்தது, அதில் தவறில்லை, நீந்தியது அவள்தான். ஆனால் இப்படிக் கடலைக் கடக்கிற எவரும் கூடவே படகில்லாமல் இறங்க முடியாது. திசை காட்ட ஓர் ஆள், சாப்பாடு நீட்ட ஓர் ஆள், நேரம் குறிக்க ஓர் ஆள், முகத்தைப் பார்த்தே 'போதும், ஏற்று' என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீச்சலில் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது, அந்த ஆபத்தால் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டியிருக்கிறது, கவனிப்பு திரும்பத் திரும்ப நடந்தால் நம்பிக்கை ஆகிறது. யாரும் யாரையும் கவனிக்கத் தேவையில்லாதபடி நீந்தினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

## சேர்ந்து அசைவது

இன்னொரு சின்னக் காரணமும் உண்டு, மூளை சம்பந்தப்பட்டது. பலர் ஒரே தாளத்தில் ஒரே அசைவைச் செய்வதை 'ஒத்திசைவு' என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் துடுப்பு வீரர்களைத் தனியாகவும் கூட்டமாகவும் ஒரே அளவு பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். கூட்டமாகச் செய்த பிறகு அவர்களால் அதிக வலி தாங்க முடிந்தது. வலியைத் தணிக்க மூளையே சுரக்கிற 'எண்டார்ஃபின்' என்ற பொருள் கூடுதலாகச் சுரந்ததன் அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொருள் ஒரு நிறைவான உணர்வையும் கொடுக்கும், யாரோடு இருக்கும்போது அது வருகிறதோ அவர்கள் மேல் பிடிப்பு வரும். சிறிய ஆய்வுதான், ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், ஆனால் கடலோரத்தில் தோணி தள்ளும்போது அம்பாப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நீச்சலில் ஒரு சிக்கல், தலை தண்ணீருக்குள் இருப்பதால் பக்கத்து ஆளின் தாளம் தெரியாது. அதனால் ஒத்திசைவு வேண்டும் என்றால் ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நீந்துகிற இருவர், ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் திரும்பி மூச்செடுத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

## எடையும் அந்தஸ்தும் குறைகிற இடம்

கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவரின் எடை, அவருக்குத் தெரிகிற அளவில், பத்தில் ஒரு பங்குதான். 70 கிலோ ஆள் 7 கிலோ போல உணர்வார். தண்ணீர் அவரைக் கீழிருந்து மேலே தள்ளுவதால் வருவது இது. மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாத பாட்டியும் பள்ளிக்கூடப் பேரனும் சேர்ந்து ஒரே விளையாட்டை விளையாட முடிகிற இடம் வேறு எது? கிரிக்கெட்டில் முடியுமா? வயதும் உடம்பும் பிரித்து வைத்தவர்களை ஒரே இடத்தில் நிறுத்துவது சாதாரண விஷயமில்லை.

செல்போன் கரையில் கிடக்கும். சட்டை, வாட்ச், வண்டிச் சாவி எல்லாம் கரையில்தான். தலை மட்டும் தெரிகிற ஆளிடம் இவர் தாசில்தாரா, லாட்ஜில் வேலை பார்ப்பவரா என்பதற்கு அடையாளம் அதிகம் மிஞ்சாது. ஆனால் இதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீந்தும்போது பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்செல்லாம் நீந்துவதற்கு முன்னும் பின்னும்தான். தலை துவட்டுகிற நேரம், உப்பைக் கழுவ வரிசையில் நிற்கிற நேரம், பசியோடு சுண்டல் வாங்குகிற நேரம். ஐஸ்லாந்தில் ஊருக்கு ஊர் பூமிச் சூட்டில் காய்ந்த வெந்நீர்க் குளங்கள் உண்டு, பள்ளியில் நீச்சல் கட்டாயம், அங்கேயும் ஊர்ப்பேச்சு நடப்பது நீந்துகிற குளத்தில் இல்லை, ஓரத்தில் உட்கார்கிற சூட்டுத் தொட்டியில். வகுப்பு முடிந்த நிமிடமே பிள்ளையைத் துண்டோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு டியூஷனுக்கு ஓடுகிற பெற்றோர், கட்டணம் கட்டியதில் பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

## நெருங்கியவர்களைவிட அரைகுறை அறிமுகம் உதவும் நேரம்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு விஷயத்தை எழுதினார்: பலருக்கு வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற ஆட்கள் மூலமாகத்தான் வருகிறது. காரணம் சுலபம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், வேறு வட்டத்து ஆளுக்குத்தான் வேறு செய்தி தெரியும். இப்படிப்பட்ட லேசான அறிமுகத்துக்குப் 'பலவீனப் பிணைப்பு' என்று பெயர்.

இந்த மாவட்டக் கரையில் எத்தனை வட்டம் இருக்கிறது பாருங்கள். பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்கள், கீழக்கரையின் வியாபாரக் குடும்பங்கள், ராமேசுவரத்தில் யாத்திரைக்காரர்களை நம்பிப் பிழைப்பவர்கள், மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள், உச்சிப்புளிக் கடற்படைத் தளத்துக்கு மாற்றலாகி வந்த இந்திக்காரர்கள். ஒருவரை ஒருவர் பஸ்ஸில் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாராவாரம் ஒரே நேரத்தில் ஒரே தண்ணீரில் இறங்கினால் நெருங்கிய நட்பு வராவிட்டாலும் இந்த அரை அறிமுகம் வரும்.

## தானாக வராது, தடுத்தும் வைப்பார்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'தண்ணீர் எல்லோருக்கும் பொது' என்று மேடையில் பேசலாம். நம் பக்கத்து ஊரணிகளுக்குச் சாதி இருந்தது, சில ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இன்றும் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மகாட் ஊர்க் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்ததே ஒரு போராட்டமாக இருந்த நாடு இது. அமெரிக்காவில் 1950-60களில் கறுப்பின மக்களையும் பொது நீச்சல் குளத்தில் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, சேர்ந்து குளிப்பதற்குப் பதில் குளத்தையே மூடிய நகரங்கள் உண்டு. தண்ணீர் நெருக்கத்தை உண்டாக்கும் என்பது தெரிந்ததால்தான் தடுத்தார்கள், இது என் கருத்து.

ஆட்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் வெறுப்பு குறையாது என்பதை அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லிவிட்டார். வேறு வேறு கூட்டத்தார் பழகும்போது மனத்தடை குறைய வேண்டுமானால், அங்கே எல்லோரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஊரோ அரசோ அதற்கு ஆதரவு தர வேண்டும் என்றார். இதற்குத் 'தொடர்புக் கருதுகோள்' என்று பெயர். ஒரே குளத்தில் ஒரு மூலையில் இவர்கள், இன்னொரு மூலையில் அவர்கள் என்று குளித்துவிட்டுப் போனால் இதில் ஒன்றுகூட நிறைவேறாது. இந்தத் தெருப் பிள்ளையும் அந்தத் தெருப் பிள்ளையும் சோடி, ஒருவர் கரையேறாமல் மற்றவர் ஏறக்கூடாது என்று பயிற்சியாளர் வைத்தால் நாலும் நிறைவேறுகிறது. வித்தியாசம் சோடியை யார் பிரிக்கிறார்கள் என்பதில்தான். பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் தெருப்படிதான் பிரிவார்கள், பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

பெண்கள் விஷயம் இன்னும் வெளிப்படை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்பது சுத்தமாகத் தப்பு. பையன்கள் ஐந்து வயதில் தோணிப் பக்கம் விளையாடிக் கற்றுக்கொள்கிறார்கள், பாசி எடுக்கிற ஊர்களை விட்டுவிட்டால் பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்ததும் கரை மூடிவிடும். 2004 சுனாமியில் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். வீட்டில் இருந்தது, பிள்ளைகளைத் தூக்க ஓடியது, சேலை சுற்றிக்கொண்டது என்று பல காரணம், நீந்தத் தெரியாதது அதில் ஒன்று. பெண்களுக்கென்று தனி நேரம், பழக்கப் பெண் பயிற்சியாளர், நனைந்தாலும் கூசாத உடை, மறைவாக உடை மாற்ற ஓர் இடம் இதெல்லாம் வசதி சம்பந்தப்பட்ட சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. இவை இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் தண்ணீருக்கே வரமாட்டார்கள், வராதவர்களுக்கு மேலே சொன்ன எந்தப் பயனும் இல்லை.

## ஊருக்கு நேரடியாகக் கிடைப்பது

உலகில் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நீந்தத் தெரிந்தவர்கள் கூடினால் அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கூடும், இதுவும் சமூகப் பயன்தான். ஆனால் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும்: நீந்தத் தெரிவதும் காப்பாற்றத் தெரிவதும் ஒன்றல்ல. மூழ்குகிறவர் கைக்கு எது கிடைத்தாலும் ஏறிப் பிடிப்பார், காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்து போன செய்திகளை வருஷா வருஷம் படிக்கிறோம். கரையிலிருந்து எதையாவது நீட்டுவது, வீசுவது, அதுதான் முதல் வேலை. காலி பிளாஸ்டிக் கேன் மூடியோடு இருந்தால் நல்ல மிதவை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள், கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. சேலையை வீசாமல் கையால் பிடிக்கப் போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

கவனிப்பு, சேர்ந்த அசைவு, கரைப்பேச்சு, வேறு வட்டத்து ஆட்கள், எல்லோரையும் உள்ளே விடுகிற ஏற்பாடு. ஐந்தில் எது குறைந்தாலும் பயன் அந்த அளவுக்குக் குறையும்.

## இந்தக் கரையில் தொடங்க

நமக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், சுமாராக மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாகக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் தலைகீழ். அரியமான் போன்ற வடகடல் பக்கம் ஆழம் மெதுவாகத்தான் கூடும், அதனால் புதியவர்களுக்கு அது தோது. தனுஷ்கோடிக் கோடியில் இருக்கிற அரிச்சல்முனையில் இறங்கவே வேண்டாம், இரண்டு கடலும் இழுக்கிற இடம் அது, எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை. எந்த இடமானாலும் அந்தக் கரை மீனவரிடம் "அண்ணே, இன்னைக்கு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். நீரோட்டம் மட்டுமல்ல, சொறி வந்திருக்கிறதா என்பதும் அவருக்குத்தான் தெரியும். சொறி என்று இங்கே சொல்வது ஜெல்லி மீனை, பட்டால் நெருப்பாய் எரியும்.

பெரிய சங்கமெல்லாம் தேவையில்லை. ஆறேழு பேர், அதில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இருவராவது. கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், 'யாருக்கு எப்ப வசதியோ அப்ப' என்று வைத்த கூட்டம் ரெண்டு மாதம் தாங்காது. சோடியை வாராவாரம் மாற்றுங்கள். இறங்குவதற்கு முன் ஒருமுறை, ஏறியதும் ஒருமுறை தலையை எண்ணுங்கள், எண்ணுகிற வேலையை ஒருவரிடமே விடாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நேராக பைக்கை எடுக்காமல் டீக்கடைக்குப் போங்கள். டீக்காசும் முறைதான், ஒவ்வொரு வாரமும் ஒருவர். போன வாரம் இன்னொருவர் காசில் குடித்தவர் இந்த வாரம் வராமல் இருக்கக் கொஞ்சம் கூசுவார், அந்தக் கூச்சம் தேவைதான்.